புருவ ஓரத்து உருண்டை

இரண்டாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு சிறுவனின் இடது புருவ ஓரத்தில் பட்டாணி அளவில் ஒரு புடைப்பு இருந்தது. கண்கட்டி என்று நினைத்து, நாமக்கட்டியை உரசிப் போடுமாறு அவன் பாட்டியிடம் சொல்லி அனுப்பினேன். ஒரு மாதமாகியும் அது அப்படியே இருந்தது. "பொறந்ததுலேருந்தே இருக்கு டீச்சர், இப்பதான் பெருசாத் தெரியுது" என்று பாட்டி சொன்னபோதுதான், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை நான் கேட்கவில்லை என்பது உறைத்தது. இதற்குள் வகுப்பில் அவனுக்குக் 'கட்டியன்' என்று பட்டப்பெயர் விழுந்திருந்தது. ஒட்டிக்கொள்ளும் என்று இருவர் அவன் பக்கத்தில் உட்காரவும் மறுத்தனர்.

பள்ளிக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழுவினர் அவனைக் கண் மருத்துவரிடம் அனுப்பினர். 'டெர்மாய்டு நீர்க்கட்டி' என்றார் அவர். பெயர்தான் நீர்க்கட்டி, உள்ளே இருப்பது நீரன்று.

கருவில் முகம் உருவாகும்போது தனித்தனி எலும்புகள் வளர்ந்து வந்து ஒன்றோடொன்று சேர்கின்றன. சேரும் இடத்தில், மேல்தோலாக வேண்டிய செல்கள் சில அடியில் சிக்கிக்கொள்வதுண்டு. சிக்கிய பிறகும் அவை தோலின் வேலையை விடுவதில்லை. செதில் உதிர்க்கும், எண்ணெய் சுரக்கும், முடிகூட முளைக்கும். வெளியேற வழியில்லாததால் எல்லாம் ஒரு பைக்குள்ளேயே சேர்கின்றன. நெற்றி எலும்பும் கன்ன எலும்பும் கூடுவது புருவத்தின் வெளி ஓரத்தில். அங்குதான் இக்கட்டி அதிகம் காணப்படுகிறது. இது தொற்றாது. புற்றுநோயும் அன்று. தாய் கிரகணத்தில் வெளியே வந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. (பாட்டி அதைத்தான் முதலில் கேட்டார்.)

கண்கட்டி இமை விளிம்பில் சிவந்து வலிக்கும். பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். இதுவோ வலிக்காது, சிவக்காது, மெல்ல வளரும். அழுத்தியோ பிதுக்கியோ பார்க்க வேண்டாம். விளையாட்டில் அடிபட்டுப் பை உடைந்தால் உள்ளிருப்பது கசிந்து கடும் வீக்கம் உண்டாகும். அறுவை சிகிச்சையிலும் பையை உடையாமல் முழுதாக எடுக்கவே முயல்கிறார்கள். மிச்சம் இருந்தால் மீண்டும் வளரலாம். சில கட்டிகள் எலும்பிடுக்கு வழியாக உள்ளேயும் நீண்டிருக்கும் என்பதால், ஐயம் இருந்தால் ஸ்கேன் எடுப்பார்கள்.

புடைப்பு மூக்கை ஒட்டிய பக்கம் இருந்தாலோ, அழும்போது பெரிதானாலோ அது மூளையுறை பிதுங்கியதாகவும் இருக்கலாம். ஒரு கண் முன்தள்ளித் தெரிந்தாலும், பொருள்கள் இரண்டாகத் தெரிவதாகக் குழந்தை சொன்னாலும் மருத்துவக் குழுவின் அடுத்த வருகைக்குக் காத்திருக்கக் கூடாது. பெற்றோரை அன்றே அழைத்துப் பேசிவிட வேண்டும்.

அறுவை முடிந்து இரண்டு வாரம் கழித்து அவன் பள்ளிக்கு வந்தான். தழும்பு புருவ முடிக்குள் மறைந்திருந்தது. "உள்ள முடி இருந்துச்சாம் டீச்சர்!" என்று வகுப்புக்கே அறிவித்தான். தள்ளி உட்கார்ந்த இருவரும்தான் முதலில் ஓடி வந்தார்கள். "இன்னும் ஒரு வாரத்துக்கு யாரும் தொடக்கூடாது, டாக்டர் சொல்லியிருக்காரு" என்று அவர்களை நிறுத்தி வைத்தான்.