உங்களுக்குத் தெரியுமா? ஸ்கார்ப்பியன்ஸின் முதல் முகம்

ஹெவி மெட்டல் என்றதும் நினைவுக்கு வரும் ஜெர்மன் இசைக்குழு ஸ்கார்ப்பியன்ஸ். 1965இல் ஹனோவர் நகரில் ருடால்ஃப் ஷெங்கர் தொடங்கிய இக்குழுவின் முதல் ஆல்பமான ‘லோன்சம் க்ரோ’ (1972) கேட்டால் வேறு யாரோ வாசிப்பதுபோல இருக்கும். மிதந்து அலையும் சைக்கடெலிக் ராக் அது. தலைப்புப் பாடல் மட்டுமே 13 நிமிடங்களைத் தாண்டும்! க்ராஃப்ட்வெர்க் குழுவோடு பணியாற்றிய கோனி பிளாங்க்தான் தயாரிப்பாளர். கிட்டார் வாசித்தவர் ருடால்ஃபின் தம்பி மைக்கேல், அப்போது பதின்வயதுப் பையன். என்ன அபாரமான விரல்கள்! 1973இல் பிரிட்டனின் யுஎஃப்ஓ குழு அவரை அழைத்துக்கொண்டது. அடுத்து வந்த உலி ஜான் ராத், சைக்கடெலிக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் பித்தர். அதனால் பழைய சாயல் உடனே மறையவில்லை. தயாரிப்பாளர் டீட்டர் டீர்க்ஸ் கைகோத்த ‘இன் டிரான்ஸ்’ (1975) ஆல்பத்தில்தான் பாடல்கள் சுருங்கி இறுகின, கிட்டார் உறுமத் தொடங்கியது.