புகையிலைப் புழுவும் பயிர் காக்கும் முறையும்



உங்கள் பெற்றோரிற் பலர் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிற் பயிர் வளர்த்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அக்குடும்பங்கள் அஞ்சிய எதிரிகளுள் ஒன்று புகையிலைப் புழு. அறிவியலார் இதனை ஸ்பொடொப்டெரா லிட்டூரா என்பர். புகையிலையை மட்டுமன்றி மிளகாய், தக்காளி, கோவா, நிலக்கடலை முதலியவற்றின் இலைகளையும் இது உண்ணும். ஓட்டை விழுந்த புகையிலைக்கு விலை குறையும். பிள்ளைகளின் படிப்புச் செலவும் அவ்விலையிலேயே தங்கியிருந்தது.

இப்புழுவை வெல்ல அதன் வாழ்க்கையை அறிதல் வேண்டும். தாய் அந்துப்பூச்சி இரவிற் பறந்து வந்து, இலையின் அடிப்புறத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் குவியலாக இட்டு, மண்ணிற மயிர்களால் மூடிவிடும். 3 முதல் 5 நாட்களிற் புழுக்கள் வெளிவரும். முதற் சில நாட்கள் அவை பிரியாது ஒரே இலையிற் கூடியிருந்து அதன் பசும்பகுதியைச் சுரண்டும். அவ்விலை சல்லடைபோல் வெளிறித் தோன்றும். பின்னர் அவை தோட்டமெங்கும் பரவும். பகலில் மண்ணில் மறைந்து, இரவில் இலைகளைத் தின்று தீர்க்கும். ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் வளர்ந்ததும் மண்ணுட் சென்று கூட்டுப்புழுவாகும்.

இதனால் விளங்குவது யாது? புழுக்கள் கூடியிருக்கும் அச்சில நாட்களே நமக்கு வாய்ப்பான காலம். அப்போது ஓரிலையைக் கொய்து அழித்தால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒழியும். பிந்தினால் நஞ்சை நாட நேரிடும். வளர்ந்த புழு நஞ்சுக்கு எளிதில் மடியாது. மீண்டும் மீண்டும் தெளித்தால், தப்பிய புழுக்களின் சந்ததி அதனைத் தாங்கும் வலிமை பெறும். புழுவை அழிக்கும் குளவிகளும் சிலந்திகளும் மடியும். தெளிப்பவரின் உடல்நலமும் கெடும்.

வேறு வழிகளும் உள. வேலியோரம் ஆமணக்கு நட்டால், அந்துப்பூச்சி அதனை நாடி முட்டையிடும். அவ்விலைகளை அகற்றுதல் எளிது. 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையிற் தெளித்தால் இளம்புழுக்கள் இலையுண்பதைக் கைவிடும். அறுவடைக்குப் பின் ஆழ உழுதால், கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலில் மடியும், பறவைகளுக்கும் இரையாகும்.

யாழ்ப்பாணத்தில் நான் கற்பித்த வகுப்பில், விடியற்காலையில் இலை பிரட்டிப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருந்தனர். அவர்களின் விரல்களிற் புகையிலைப் பிசின் கறுத்திருக்கும். கை கழுவி வருமாறு அவர்களைக் கடிந்ததுண்டு. ஒரு குடும்பத்தின் விளைச்சலைக் காத்த விரல்கள் அவை என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களும் அவ்வாறு இலை பிரட்டியவர்களாக இருக்கலாம்.