மலையடிவாரக் கடைக்கு ஒரு நல்ல இணையதளம்: எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்

2024 மார்ச்சில் நாடெங்கும் ஏராளமான சின்னக் கடைகளின் இணையதளங்கள் ஒரே மாதத்தில் மறைந்தன. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்தவர்களுக்கு அந்த நிறுவனம் இலவசமாகக் கொடுத்துவந்த ஒரு பக்கத் தளங்கள் அவை. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை 2017 ஜனவரியில் தில்லிக்கு வந்தபோது, இந்தியச் சிறு வணிகர்களுக்கென்று அறிவித்துப் போன வசதி அது. பிறகு நிறுவனம் தன் கணக்கைப் பார்த்து நிறுத்திவிட்டது. பழைய முகவரிக்கு வந்தவர்களைச் சில மாதம் வரைபடப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஜூனோடு அதுவும் முடிந்தது. விசிட்டிங் கார்டிலும் காபித்தூள் பாக்கெட்டிலும் அந்த முகவரியை அச்சடித்து வைத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது வெறும் அச்சுச் செலவு.

குறைந்த செலவில் இணையதளத்தைச் சரிசெய்ய நினைக்கும், கொடைக்கானல் மலையடிவாரத்து வத்தலக்குண்டு வியாபாரிகள் இந்தச் சம்பவத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். புதுத் தோற்றம், நகரும் படங்கள், கலர் மாற்றம் என்று பணத்தைக் கொட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த முகவரி யாருடையது?

இந்த ஊரில் எல்லோருக்கும் இணையதளம் தேவையா என்றால், இல்லை. கொடிக்கால் வைத்திருப்பவர் வெற்றிலையை மண்டிக்கு அனுப்புகிறார். போனில் விலை பேசி முடிகிற வியாபாரம் அது. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் காலை விலை மதியம் இருக்காது. இவர்களுக்கு வாட்ஸ்அப் போதும். கீழ்மலைக் காபியை அரைத்து வெளியூருக்குக் கூரியரில் அனுப்புகிறவர், மேல்மலைப் பூண்டு விற்பவர், சாக்லேட் செய்பவர், பண்ணைக்காட்டிலோ தாண்டிக்குடியிலோ இரண்டு அறை ஹோம்ஸ்டே நடத்துபவர், கொடைக்கானலுக்கு வேன் ஓட்டுபவர் ஆகியோரின் நிலை வேறு. இவர்களுடைய வாடிக்கையாளர் கடையைப் பார்த்ததே இல்லை. சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து செல்போனில் தேடுகிறார். அவருக்குத் தெரிகிற கடை அந்தத் திரைதான்.

முகவரி விஷயத்துக்கு வருவோம். இணையதளம் செய்துகொடுப்பவர்கள் பெரும்பாலும் டொமைன், அதாவது தளத்தின் பெயர், அதைத் தாங்கும் ஹோஸ்டிங், பக்க வடிவமைப்பு மூன்றையும் சேர்த்து ஒரே தொகை சொல்கிறார்கள். வசதிதான். ஆனால் பல இடங்களில் டொமைன், செய்துகொடுத்தவரின் கணக்கிலேயே தங்கிவிடுகிறது. நிலத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பட்டாவை அடுத்தவர் பேரில் விட்டுவைப்பதற்குச் சமம் இது. அவர் தொழிலை விட்டாலோ, போன் எண்ணை மாற்றினாலோ, புதுப்பிக்க மறந்தாலோ, பெயர் போய்விடும். கெடு தாண்டி விடுபட்ட பெயரை வேறு யாரும் வாங்கிக்கொள்ளலாம்.

இதைச் சோதிக்கக் காசு தேவையில்லை. டொமைன் விற்ற நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொடுத்து நீங்களே நுழைய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், பெயரை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். அதற்கென்று மாற்றக் குறியீடு இருக்கிறது, தருவது வழக்கம்தான். டாட் இன் பெயருக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். முதல் ஆண்டுக்கு மலிவாகக் கொடுத்துவிட்டு இரண்டாம் ஆண்டில் பல மடங்கு கேட்பவர்கள் உண்டு. வாங்கும்போதே புதுப்பிப்புக் கட்டணத்தைப் பார்த்துவிட வேண்டும். ஹோஸ்டிங்கைப் பொறுத்தவரை, நான்கைந்து பக்கம் மட்டுமே உள்ள, அடிக்கடி மாறாத தளத்துக்கு மாதக் கட்டணமே தேவையில்லை. கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்றவை அத்தகைய பக்கங்களை இலவசமாகத் தாங்குகின்றன, உங்கள் சொந்த டொமைனோடு. நாளைக்கு அந்த இலவசமும் நின்றால்? பெயர் உங்கள் கையில் இருப்பதால் பக்கங்களை வேறு இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம்; பாக்கெட்டில் அச்சடித்த முகவரி மாறாது. 2024இல் தளத்தை இழந்தவர்களுக்கு இல்லாமல் போனது இதுதான்.

செலவில்லாத இன்னொன்று பாதுகாப்புச் சான்றிதழ். 2018 ஜூலையிலிருந்து குரோம் உலாவி, சான்றிதழ் இல்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று முகவரிப் பட்டையிலேயே சொல்கிறது. அதைப் பார்த்தபின் யார் பணம் அனுப்புவார்? லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 இறுதியிலிருந்து இந்தச் சான்றிதழை இலவசமாகவே வழங்குகிறது. இதற்கெனத் தனிக் கட்டணம் கேட்டால், எதற்கு என்று விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

அடுத்தது வேகம். இதுவும் பெரும்பாலும் இலவச வேலை, ஆனால் பொறுமை வேண்டும். காட்ரோட்டைத் தாண்டி மலையேறத் தொடங்கினால் டம்டம் பாறைப் பக்கம் வளைவுக்கு வளைவு சிக்னல் வந்து போகும். உங்கள் ஹோம்ஸ்டேவுக்கு வழி கேட்கும் குடும்பம் அப்போதுதான் தளத்தைத் திறக்கும். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரு படம் சாதாரணமாக 3, 4 எம்பி இருக்கும். முகப்பில் அப்படிப் பத்துப் படம் போட்டால் 30, 40 எம்பி. அந்த மலைச்சாலையில் அது திறப்பதற்குள் வண்டி ஊத்து என்ற ஊரையே தாண்டிவிடும். ஒரு பக்கம் திறக்க மூன்று நொடிக்கு மேல் ஆனால் செல்போனில் பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் விலகிவிடுகிறார்கள் என்று கூகுளே 2016இல் சொன்னது. இது சமவெளியில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் பொருந்தும்.

தீர்வு எளிது. படத்தின் அகலத்தை 1,200 பிக்சல் அளவுக்குக் குறைத்து, வெப்பி வடிவில் சேமித்தால் ஒரு படம் 150 கேபிக்குள் அடங்கிவிடும். பத்துப் படம் சேர்ந்து ஒன்றரை எம்பி. ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவி உலாவியிலேயே இதைச் செய்துதரும். எதையும் நிறுவ வேண்டாம். செய்து முடித்துவிட்டு, கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் தளத்தின் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். எந்தப் படம் கனக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டும். முகப்பில் தானாக ஓடும் வீடியோவையும், ஒன்று போய் ஒன்று வரும் படங்களையும் எடுத்துவிடுவது நல்லது. வாடிக்கையாளர் கேட்காதவை அவை. ட்ரோன் வீடியோவில் மேகம் மிதக்கலாம், அறை வாடகை என்ன என்பது தெரியாது.

என் பார்வையில் நம் பகுதித் தளங்களின் பெரிய குறை தோற்றம் இல்லை, தகவல். விலை இருக்காது. 'தொடர்புகொள்ளவும்' என்று மட்டும் இருக்கும். அந்தத் தொடர்பு எண்ணும் படத்துக்குள் எழுதியதாக இருக்கும், தொட்டால் அழைப்பு போகாது. விலைப் பட்டியலை போஸ்டராக வடிவமைத்துப் படமாகப் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பகமாகப் படிக்காது. கண் தெரியாதவருக்காக வாய்விட்டு வாசிக்கும் செயலியும் தடுமாறும். எழுத்தை எழுத்தாகவே, யுனிகோடு தமிழில் தட்டச்சு செய்யுங்கள். நோட்டோ, காட்டமரன், முக்தா மலர் போன்ற நல்ல தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதித் தேடுகிறார்கள் என்பதால், முகவரிப் பகுதியில் தமிழோடு புழக்கத்தில் உள்ள இரண்டு ஆங்கில எழுத்துக்கூட்டலையும் சேர்த்துவிடலாம்.

ஹோம்ஸ்டேவையும் வேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர் முதலில் குழம்புவது ரயில் நிலையத்தில். கொடைக்கானல் ரோடு என்று பெயரைப் பார்த்து இறங்கிவிடுகிறார். அங்கிருந்து நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாக இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் போக வேண்டும் என்பது இறங்கிய பிறகுதான் தெரிகிறது. அடுத்த குழப்பம் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. அரசுப் பேருந்தில் வருபவருக்கு அது தேவையில்லை. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வேலைநாளில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 வாகனம் என்று உச்சவரம்பும் வந்தது. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்கும் மலையில் தடை. இந்த நான்கு விஷயத்தையும் தெளிவாக ஒரு பக்கத்தில் எழுதி, இ-பாஸ் தளத்துக்கு இணைப்பும் கொடுத்து வைத்திருக்கும் ஹோம்ஸ்டேவை, அறை தேடாதவர்கூடத் தேடி வந்து படிப்பார். வந்தவர்களில் சிலர் அறையும் எடுப்பார்கள். முன்பதிவுச் செயலிகள் ஒவ்வொரு அறைக்கும் பதினைந்து, இருபது சதவீதம் என்று கமிஷன் பிடிக்கும் காலத்தில், நேரடியாக வரும் விருந்தினர் எத்தனை அருமை என்று ஹோம்ஸ்டே நடத்துபவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காபிக்காரருக்கு எழுத இன்னும் நிறைய இருக்கிறது. அதை யாரும் எழுதாமல் விடுவதுதான் என் ஆதங்கம். பட்டிவீரன்பட்டியில் தலைமுறைகளாகக் காபி பதப்படுத்துகிறார்கள். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கீழ்மலையில் சில்வர் ஓக் நிழலில், மரத்தில் மிளகுக்கொடி படர, இடையில் மலைவாழையும் ஆரஞ்சும் நிற்க, காபி விளைகிறது. ஆனால் தளத்தைத் திறந்தால் எந்த ஊருக்கும் பொருந்தும் இரண்டு வரியும், எங்கிருந்தோ எடுத்த காபிக் கோப்பைப் படமும்தான். உங்கள் தோட்டம் எந்த ஊரில், என்ன உயரத்தில் இருக்கிறது, அராபிகாவா ரோபஸ்டாவா, எந்த மாதம் பழம் பறித்தீர்கள், எப்போது வறுத்தீர்கள் என்று எழுதுங்கள். சிக்கரி கலந்தால் எத்தனை சதவீதம் என்பதை ஒளிக்காமல் போடுங்கள். கலவைத் தூளில் சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். 20 சதவீதம் மட்டுமே கலப்பவருக்கு அதைச் சொல்வதே விளம்பரம். பாக்கெட்டில் உள்ள 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தளத்தில் இருக்கட்டும்.

பூண்டுக்கும் இப்படித்தான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் அதற்குப் பத்தாண்டு முன்பே கிடைத்துவிட்டது. வேறெங்கோ விளைந்த பூண்டும் மலைப்பூண்டு என்ற பெயரில் விற்பதால், வாங்குபவருக்குச் சந்தேகம் தீராது. பூம்பாறையா, மன்னவனூரா, கவுஞ்சியா என்று ஊரைச் சொல்லி, உங்கள் காட்டில் உங்கள் போனில் எடுத்த படத்தைப் போட்டால், எந்த வடிவமைப்பாளராலும் தர முடியாத நம்பிக்கை வரும்.

பணம் வாங்கும் வழியில் ஒரு சிக்கனம் இருக்கிறது. தளத்தில் பேமென்ட் கேட்வே வைத்தால் கார்டு வழியாக வரும் ஒவ்வொரு விற்பனையிலும் இரண்டு சதவீதம் போலப் போகும். அதை இணைத்துத் தரவும் கூலி உண்டு. யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் இல்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு ஆர்டர் வரும் வரை, வாட்ஸ்அப் பிசினஸில் ஆர்டர், யுபிஐயில் பணம் என்றே நடத்தலாம். 2018இல் வந்த அந்தச் செயலியில் பொருட்களை விலையோடு அடுக்கிவைக்கும் பட்டியல் வசதியும் இலவசம். பணம் அனுப்பும்போது திரையில் என்ன பெயர் தெரியும் என்பதைத் தளத்திலேயே எழுதிவிட்டால், வாங்குபவர் தயங்க மாட்டார். ஆர்டர் பெருகி, கணக்கு வைப்பது கையை மீறும்போது கேட்வே வாங்குவது நியாயமான செலவு.

வரைபடப் பதிவையும் சும்மா விடக் கூடாது. ஒரு பக்கத் தளத்தைத்தான் நிறுத்தினார்களே தவிர, கூகுள் பிசினஸ் புரொஃபைல் இன்றும் இலவசம். நீங்கள் உரிமை கோராமல் விட்டிருக்கும் கடையின் பதிவில் வேறொருவர் போன் எண்ணைத் திருத்தப் பரிந்துரைக்க முடியும். விடுதிகளின் எண்ணை இப்படி மாற்றி, முன்பணம் என்று சுருட்டும் மோசடி நாட்டின் பல பகுதிகளில் நடந்திருக்கிறது. பதிவை உங்கள் பேரில் உறுதிசெய்து, மாதம் ஒருமுறை எண்ணைச் சரிபாருங்கள். யாராவது ஏமாந்தது தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்கும் வாய்ப்பு கூடும்.

இத்தனைக்கும் பிறகு கையில் ஐயாயிரம் ரூபாய் மிஞ்சினால் என்ன செய்வது? என்னைக் கேட்டால் வடிவமைப்பாளரிடம் கொடுக்க மாட்டேன். பாதியைத் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ உள்ள ஒரு நல்ல புகைப்படக்காரருக்குக் கொடுத்து, ஒரு காலை வெளிச்சத்தில் தோட்டத்தையும் அறையையும் எடுக்கச் சொல்வேன். மீதியை, தமிழும் ஆங்கிலமும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவிக்குக் கொடுத்து, உங்கள் வாயால் சொல்வதைப் பக்கங்களாக எழுதி வாங்குவேன். தானியங்கி மொழிபெயர்ப்பை அப்படியே ஏற்றினால் விலையும் தேதியும்கூடத் தவறிப்போகும்.

தளம் தயாரானதும், அதைச் செய்தவரையோ உறவினரையோ விட்டுவிட்டு, உங்கள் கடையை அறியாத ஒருவரிடம் போனைக் கொடுங்கள். அரைக் கிலோ தூள் சென்னைக்கு அனுப்ப மொத்தம் எவ்வளவு ஆகும், அல்லது சனிக்கிழமை அறை வாடகை என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு, குறுக்கே பேசாமல் பாருங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே திருத்தம் வேண்டும். விலைப் பட்டியலின் அடியில் கடைசியாக மாற்றிய தேதியை எழுதுங்கள். இ-பாஸ் விதி மாறும்போதும், கூரியர் கட்டணம் ஏறும்போதும், தைப் பறிப்பு முடிந்து புதுக் காபி வரும்போதும் அந்தத் தேதி மாற வேண்டும்.