வடசென்னைத் தொழிற்பகுதியும் கடைத்தெருவும்: அமெரிக்கப் புறநகர் வணிக வளாகத்தோடு ஓர் ஒப்பீடு

முன்னுரை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நகரங்களின் விளிம்பில் வணிக வளாகங்கள் பெருகின. அதே காலத்தில் சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே திருவொற்றியூரும் எண்ணூரும் பெருந்தொழிற்சாலைகளைப் பெற்றன. ஆயினும் அங்கு வளாகம் எழவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையின் எம்.சி. சாலை போன்ற திறந்த கடைத்தெருவே வளர்ந்தது. இவ்வேறுபாட்டின் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

வரிச் சட்டம் எழுப்பிய வளாகம்

மினசோட்டா மாநிலத்தின் ஈடைனாவில் 1956 அக்டோபரில் சவுத்டேல் வளாகம் திறக்கப்பட்டது. வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர் விக்டர் குரூயன் அதனை வடிவமைத்தார். முழுவதும் கூரையிட்டுக் குளிரூட்டப்பட்ட கடைகளைச் சுற்றி 5,000 கார்களுக்கு மேல் நிறுத்த இடமிருந்தது. காரும் நெடுஞ்சாலையுமே இத்தகைய வளாகங்களை உருவாக்கின என்பர். அது பாதி உண்மையே. 1954ஆம் ஆண்டின் வரிச் சட்டம், புதிய வணிகக் கட்டடங்களின் தேய்மானத்தைத் தொடக்க ஆண்டுகளிலேயே பெருமளவு கழித்துக்கொள்ள இடமளித்தது. அதனால் பழைய கடையைப் புதுப்பிப்பதைவிட வெற்று நிலத்தில் புதிதாகக் கட்டுவதே முதலீட்டாளருக்கு ஆதாயமாயிற்று. வாங்குவோர் குடியேறுமுன்னரே வளாகம் எழுந்த இடங்களும் உண்டு.

கூலி வளர்த்த தெரு

எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாகித் திருவொற்றியூரில் ஆலை அமைத்தது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. இங்கு லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்த தொழிலாளர் பெரும்பாலும் மிதிவண்டியிலும் பேருந்திலும் புறநகர் ரயிலிலுமே பணிக்கு வந்தனர். கார் நிறுத்துமிடத்தை நம்பிய கடைக்கு இங்கே வேலையில்லை. மேலும், மொத்த வணிகத்தின் இருப்பிடமான ஜார்ஜ் டவுன் இராயபுரத்தை அடுத்தே இருந்தது. நகரையும் புறநகரையும் பிரித்த அமெரிக்கத் தொலைவு இங்கில்லை.

எம்.சி. சாலையின் பெயர் மணியக்காரர் சத்திரத்தைக் குறிப்பது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சத்தில் வந்தோருக்குக் கஞ்சி வார்த்த சத்திரம் அது. ஸ்டான்லி மருத்துவமனையின் தொடக்கமும் அதுவே. இன்று அச்சாலையை நிறைப்பவை துணிக்கடைகள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் துணி வெளுத்தோர் குடியிருந்த வண்ணாரப்பேட்டையும், ஆளுநர் ஜோசப் காலட் நெசவாளர்க்கென அமைத்த காலாடிப்பேட்டையும் இப்பகுதியினவே. இதைக்கொண்டு அன்றைய துணி வணிகமே இன்றும் தொடர்கிறது எனக் கொள்வது மிகை. இன்றைய கடைத்தெருவை விளக்கத் தொழிலாளியின் வருமானத்தையே நோக்க வேண்டும்.

மாதச் சம்பளத்தில் அரிசியும் வாடகையும் போக மிஞ்சுவது சிறிது. துணிமணி வாங்கும் பணம் ஆண்டுக்கொரு முறை மொத்தமாகக் கைக்கு வந்தது. 1965ஆம் ஆண்டின் போனஸ் வழங்கல் சட்டம் அதனை உரிமையாக்கியது. இன்று குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காடு. தீபாவளிக்கு முன் அதனை வழங்குவது வழக்கமாக நிலைத்தபின், பண்டிகைக்கு முந்தைய சில வாரங்களே துணிக்கடையின் ஆண்டை முடிவுசெய்தன. அங்கே சட்டம் கட்டுவோருக்குச் சலுகை தந்தது. இங்கே உழைப்போர் கையில் பணம் சேர்த்தது. சிறு கடைகள் நெருங்கி நிற்கும் தெருவுக்கு இத்தகைய வருமானம் போதும். ஆண்டு முழுவதும் குளிரூட்டவேண்டிய வளாகத்திற்குப் போதாது.

சென்னையின் வளாகங்கள் சில எழுந்த நிலமும் கருதத்தக்கது. 1980களில் தீக்கிரையான ஸ்பென்சர் கட்டடத்தின் மனையில் ஸ்பென்சர் பிளாசாவும், எக்ஸ்பிரஸ் எஸ்டேட் நிலத்தில் 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூவும் எழுந்தன. இரண்டும் நகரின் நடுவே அமைந்தவை. புறநகர் என்னும் அமெரிக்கச் சொல் அவற்றுக்குப் பொருந்தாது.

வடசென்னைத் தெருவின் அடித்தளமும் மாறிவருகிறது. பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலை 1996இல் மூடப்பட்டது. ராயல் என்ஃபீல்டு 2013இல் ஒரகடத்தில் புதிய ஆலையைத் திறந்தது. நிரந்தரப் பணியிடங்கள் குறையுமிடத்தில் போனஸை நம்பிய கடைகள் நிலைப்பது கடினம். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட மெட்ரோ ரயில் எண்ணூர்ப் பக்கத்து மக்களை எம்.சி. சாலைக்கு அருகே கொண்டுவருகிறது. அதே வண்டி தொடர்ந்து அண்ணா சாலைக்கும் செல்கிறது.