மக்காச்சோளத்தில் தழைச்சத்து உரம்: வகையும் அளவும் (தேனி, கம்பம் பள்ளத்தாக்கு)

மக்காச்சோளம் தழைச்சத்தை மிகுதியாக எடுத்துக்கொள்ளும் தானியப் பயிர். ஒரு டன் மணி விளைய, பயிர் மண்ணிலிருந்து ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ தழைச்சத்தை எடுக்கிறது. தேனி மாவட்டத்தில் முல்லைப் பெரியாற்றுப் பாசனம் பெறும் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களில் நெல் முதன்மைப் பயிராகும். ஆண்டிபட்டி, போடி, தேனி வட்டாரங்களின் மேட்டு நிலங்களில் மக்காச்சோளம் கிணற்றுப் பாசனத்திலும் மானாவாரியாகவும் பயிரிடப்படுகிறது. எந்த உரம், எவ்வளவு, எப்போது என்பதை நிலத்திற்கு ஏற்ப முடிவு செய்ய வேண்டும்.

உர வகைகள்

யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து உள்ளது. எனவே ஒரு கிலோ சத்துக்கு ஆகும் செலவு இதில் குறைவு. ஈரமில்லாத மண்ணின் மேல் தூவினால் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். 2015 முதல் இந்தியாவில் யூரியா முழுவதும் வேப்ப எண்ணெய் பூசி விற்கப்படுகிறது. சத்து நைட்ரேட்டாக மாறும் வேகத்தை இப்பூச்சு குறைக்கிறது.

அம்மோனியம் சல்பேட்டில் தழைச்சத்து சுமார் 20 விழுக்காடே. கந்தகமும் உடன் கிடைக்கும். தொடர்ந்து இட்டால் மண்ணின் அமிலத்தன்மை கூடும். டி.ஏ.பி.யில் தழைச்சத்து 18, மணிச்சத்து 46 விழுக்காடு என்பதால் அது அடியுரமாக இட ஏற்றது. நைட்ரேட் வடிவச் சத்து நீரில் எளிதில் கரையும். மணற்பாங்கான செம்மண்ணில் பெருமழை பெய்தால் வேருக்குக் கீழே இறங்கி, நிலத்தடி நீரையும் சேரும்.

அளவும் தவணையும்

மண் பரிசோதனை செய்யாத நிலையில், இறவை வீரிய ஒட்டு மக்காச்சோளத்திற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை எக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து முறையே 250:75:75 கிலோ. இரகங்களுக்கு இது 135:62.5:50 கிலோ. வீரிய ஒட்டில் தழைச்சத்தில் கால் பங்கு அடியுரமாகவும், பாதி விதைத்த 25ஆம் நாளிலும், மீதிக் கால் பங்கு 45ஆம் நாளிலும் இடப்படும்.

ஏக்கர் கணக்கில் இது சுமார் 100 கிலோ தழைச்சத்து. அடியுரமாக 65 கிலோ டி.ஏ.பி. இட்டால் மணிச்சத்துத் தேவை நிறைவதுடன், சுமார் 12 கிலோ தழைச்சத்தும் கிடைத்துவிடும். எனவே அடியுரத்திற்கு 28 கிலோ யூரியா போதும். அடுத்த இரு தவணைகளுக்கு முறையே 109, 54 கிலோ. ஆக யூரியா 191 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் நான்கேகால். டி.ஏ.பி.யில் உள்ள தழைச்சத்தைக் கழிக்காமல் விட்டால், ஏக்கருக்கு அரை மூட்டைக்கு மேல் யூரியா வீணாகும்.

கூடுதலாக இட்டால்

தொடக்கத்தில் ஒவ்வொரு கிலோ தழைச்சத்தும் விளைச்சலை நன்கு உயர்த்தும். அளவு ஏற ஏற அந்த உயர்வு சுருங்கி, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதன் பிறகு இடும் மூட்டை செலவு மட்டுமே. நீரோ, துத்தநாகமோ, சாம்பல் சத்தோ குறைவாக இருந்தால் அந்தக் கட்டம் முன்னதாகவே வந்துவிடும். மிகுதியான தழைச்சத்தால் தண்டு மென்மையாகும். ஆண்டிபட்டிப் பக்கம் வீசும் ஆடிக் காற்றுக்குப் பயிர் சாயும். இளந்தழை பூச்சிகளையும் ஈர்க்கும்.

நிலத்திற்கேற்ற முறை

கிணற்றுப் பாசனத்தில் ஈரமுள்ளபோது செடியின் பக்கத்தில் உரமிட்டு மண் அணைப்பது நல்லது. மானாவாரியில் வடகிழக்குப் பருவமழையே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. அங்கு இறவை அளவை இடுவது பொருந்தாது. அளவைக் குறைத்து, மேலுரத்தை மழை பெய்து மண் நனைந்த பின் இட வேண்டும். மழை தவறினால் மேலுரத்தைத் தவிர்க்கலாம். அப்போது அந்த மூட்டைக்கான செலவாவது மிஞ்சும்.