பானட்டுக்குக் கீழே – 14: டர்போ மாற்றியும் ஒழுகுகிறதா?

டர்போ காற்றை எப்படி அழுத்துகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்த டர்போ உள்ள வண்டிகளை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஆயில் ஒழுக்கைப் பற்றி இந்த வாரம்.

"டேப்பட் கவர் பேக்கிங் மாத்தியாச்சு. சம்ப்பைக் கழட்டி ஒட்டியாச்சு. கடைசியா டர்போவையே மாத்தியாச்சு சார். இன்னும் நிறுத்துற இடமெல்லாம் கறைதான்" என்றபடி ஒரு டாக்ஸி ஓட்டுநர் தன் டீசல் காரைக் கொண்டுவந்தார். இதே புலம்பலை, ஏறக்குறைய இதே வரிசையில், பலரிடம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு பட்டறையும் ஈரமாகத் தெரிந்த இடத்தை அடைத்து அனுப்பியிருக்கிறது. ஆயிலை வெளியே தள்ளுவது எது என்று ஒருவரும் தேடவில்லை.

எஞ்சினைக் கழுவாமல் ஒழுக்கைத் தேடக் கூடாது. மேலே கசியும் ஆயில் கீழே இறங்கும்; ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் இழுத்துப்போய் கியர்பாக்ஸ் முனையில் சொட்டவைக்கும். அதைப் பார்த்துவிட்டு கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸையே இறக்கிவிடுபவர்கள் உண்டு. டிகிரீசர் போட்டுக் கழுவி, காயவிட்டு, சந்தேகமான இடங்களில் முகப்பவுடர் தூவி, சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால் போதும். பவுடர் முதலில் நனையும் இடம்தான் ஒழுக்கின் தொடக்கம். அந்தக் காரில் மூன்று இடங்களில் நனைந்தது. நல்ல பேக்கிங்குகள் ஒரே சமயத்தில் மூன்று இடத்தில் கைவிடுகின்றன என்றால், உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பொருள்.

பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, எரிந்த வாயுவில் கொஞ்சம் எப்போதும் சம்ப் பக்கம் இறங்கும். அது வெளியேறத்தான் பிரீத்தர் வழி இருக்கிறது. டேப்பட் கவரில் ஆயிலைப் பிரித்து நிறுத்திவிட்டு, வாயுவை மட்டும் டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாயில் சேர்க்கும். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டிகளில் இந்த வழி கருப்பு வண்டலால் அடைபடும். வெயிட் துவாரம் அடைத்த குக்கரில் ஆவி கேஸ்கெட்டைப் பிதுக்கிக்கொண்டு வருவதுபோல, எஞ்சினிலும் வாயு சீல்கள் வழியே ஆயிலைத் தள்ளிக்கொண்டு வரும்.

இதில் டர்போ ஏன் பழியேற்கிறது? அதன் தண்டு நிமிடத்துக்கு 1.5 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. அதன் ஒரு முனையில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும் புகை. அங்கே ரப்பர் சீல் தாங்காது. பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையங்கள்தான் காவல். அவை முழுக்க அடைப்பவை அல்ல; உள்ளே வந்த ஆயில் தங்காமல் வடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் அமைக்கப்பட்டவை. ஆயில் பம்ப்பின் அழுத்தத்தில் வருவதால் உள்ளே போகும் குழாய் மெல்லியது. நுரையாகி, தன் எடையால் மட்டும் இறங்குவதால் திரும்பும் குழாய் தடிமனானது. சம்ப்பில் அழுத்தம் இருந்தால் அந்த ஆயில் இறங்காது. தேங்கி நின்று, வளையங்களைத் தாண்டி இன்டர்கூலர் பக்கமோ சைலன்சர் பக்கமோ போகும். அப்போது புது டர்போவும் பழையதைப் போலவே ஒழுகும். அடைத்துப்போன ஏர் ஃபில்டரும் காற்றுப் பக்கத்தில் உறிஞ்சலை உண்டாக்கி ஆயிலை இழுக்கும். அதையும் பார்த்துவிட வேண்டும்.

எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பிடித்தோம். அது பலூனாக உப்பியது. (சூடான ஆயில் தெறிக்கும், கையுறை அவசியம்.) பிரீத்தர் குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த வண்டலையும் சுரண்டி எடுத்ததும் உப்பல் அடங்கிவிட்டது. அடங்காமல் புகை குபுகுபுவென்று வந்திருந்தால் ரிங்குகள் தேய்ந்திருக்கும். அது கம்ப்ரஷன் சோதனைக்கும் பெரிய செலவுக்கும் உரிய கதை.

திரும்பும் குழாயையும் கழற்றினோம். டர்போ மாற்றியவர் பேக்கிங்கோடு தாராளமாக சிலிக்கான் பசையும் பூசியிருந்தார். பிதுங்கிய பசை துவாரத்தில் பாதியை மூடியிருந்தது. இந்த இடத்தில் பசை கூடவே கூடாது. உரிய பேக்கிங் மட்டும் போதும். உள்ளே போகும் குழாயின் காப்பர் வாஷர்களையும் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் போட வேண்டும். ஒருமுறை நசுங்கிய வாஷர் அடுத்த முறை சரியாகப் படியாது. ஒரு டர்போவின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது இந்தச் சாமான்களின் மொத்த விலை.

டர்போவில் ஒழுக்கு இருந்தால் "லிட்டர் ஊற்றி ஓட்டிக்கலாம்" என்று இருப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டும் ஆயில் தீப்பிடிக்கலாம். டீசல் வண்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலையே எஞ்சின் எரிபொருளாக இழுத்துக்கொண்டு தாறுமாறாக வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டியானால், பிரேக்கை முழுக்க மிதித்து, டாப் கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டால் எஞ்சின் நின்றுவிடும். வண்டியை விட்டு வெளியே இருந்தால் பானட்டின் அருகே போகாமல் விலகி நில்லுங்கள்.

இன்டர்கூலர் குழாய்க்குள் லேசான ஆயில் படலம் இருப்பது சகஜம். அதை மட்டும் காட்டி டர்போ போய்விட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பணம் கட்டும் முன், பிரீத்தரையும் திரும்பும் குழாயையும் உங்கள் கண்முன்னே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.