கருத்துச் சொல்ல முப்பது நாட்கள்

கையடக்கத் தொலைபேசியில் நாம் எடுக்கும் படங்கள் இணையத்தில் எங்கோ சேமிக்கப்படுகின்றன. அந்த 'எங்கோ' என்பது ஏதோ ஓர் ஊரிலுள்ள தரவு நிலையமாகும். அங்கே ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக இயங்கிச் சூடேறுகின்றன. அவற்றைக் குளிர்விக்கச் சில நிலையங்கள் நீரை ஆவியாக்குகின்றன. வேறு சில காற்றால் குளிர்விக்கின்றன. அதில் நீர் மிச்சமாகும், மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். மின்தடை நேரத்துக்கென டீசல் மின்பிறப்பாக்கிகளும் இருக்கும். கட்டும் காலத்தில் பலருக்கு வேலை கிடைக்கும்; பின்னர் சிலரே போதும்.

இத்தகைய நிலையமொன்றைத் தென்னமெரிக்க நாடான உருகுவேயில் அமைக்கக் கூகுள் நிறுவனம் திட்டமிட்டது. எவ்வளவு நீர் தேவை என்பது மக்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆராய்ச்சியாளர் ஒருவர் நீதிமன்றம் சென்று அந்த விபரத்தைப் பெற்றார்: நாளொன்றுக்கு 76 இலட்சம் லீற்றர். 2023இல் கடும் வரட்சியால் தலைநகரின் குழாய்நீரே உப்புக்கரித்த வேளையில் இவ்விடயம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. பின்னர் காற்றால் குளிர்விக்கும் முறைக்குத் திட்டம் மாற்றப்பட்டது.

ஒலுவிலில் வாழும் நமக்கு இதில் என்ன பாடம்? நமது துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். 2008இல் வேலை தொடங்கி 2013இல் திறக்கப்பட்டது. நமது கரையோரமாகக் கடல்மணல் பெரும்பாலும் வடக்கு நோக்கி நகர்கிறது. அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கிலும் துறைமுக வாயிலிலும் மணல் சேர்ந்தது; வடக்கே கரை அரிக்கப்பட்டு, தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் போயின. கல்லும் சீமெந்தும் இறங்கிய பிறகு ஒரு திட்டத்தைத் திருத்துவது எவ்வளவு கடினம் என்பதை நம் வாப்பாமாரும் உம்மாமாரும் கண்ணால் கண்டவர்கள்.

ஆகவே, கேள்வி முன்கூட்டியே எழ வேண்டும். அதற்குச் சட்டமும் இடந்தருகிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி ஒரு திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவைப்பட்டால், அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். வர்த்தமானியிலும் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் யாரும் கருத்து எழுதி அனுப்பலாம். மேலும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச அலுவலகங்களில் விபரம் கோரலாம்.

"வேண்டும்" அல்லது "வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் போதாது. நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் நீர்? அது கிணற்று நிலத்தடி நீரா, வயலுக்கு வரும் கல்லோயா நீரா? சூடான கழிவுநீர் களியோடைக்குள் விடப்படுமா? மின்பிறப்பாக்கியின் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும்? நமதூர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை நிரந்தர வேலை? இவ்வாறு கேட்டால் பதிலும் இலக்கத்தில் வர வேண்டியிருக்கும்.

சகோதரிகளே, அறிவித்தல்கள் பெரும்பாலும் பத்திரிகையின் உட்பக்கத்தில் சிறிய எழுத்தில்தான் வருகின்றன. வீட்டில் அதை வாசித்துக் காட்டி, உம்மா வாப்பாவோடு பேசி, அவர்களின் கேள்விகளைக் கடிதமாக எழுதிக் கொடுக்க நம்மால் முடியும். அந்த முப்பது நாட்களைத் தவறவிடாதிருப்போம்.